சூட்டில் படுத்துக்கொள்ளும் வண்டி

பேட்டரி மாற்றினோம், வண்டி ஓடியது. பிளக் மாற்றினோம், ஓடியது. டாங்கிக்குள் இருக்கிற பெட்ரோல் பம்ப்பையே கழற்றிப் புதிது போட்டோம், அதற்கும் ஓடியது. ஒவ்வொரு தடவையும் மெக்கானிக் தம்பி கையைத் துடைத்துக்கொண்டு "இனிமே தொந்தரவு இருக்காதுண்ணே" என்பார், நானும் பணத்தை எண்ணிக் கொடுப்பேன். அப்புறம் ஒரு நாள் உச்சி வெயிலில் எங்காவது நிறுத்திவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் செல்ஃப் நன்றாகச் சுற்றும், எஞ்சின் மட்டும் பிடிக்காது.

அந்தத் தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். பேட்டரி இறங்கித்தான் இருந்தது. பிளக்கில் பொறி வரவில்லைதான். பெட்ரோலும் மேலே ஏறவில்லைதான். அவர் பார்த்தது எல்லாமே நிஜம். எல்லாம் நிஜமாக இருந்தும் வண்டி சரியாகாமல் போனதால்தான் இதை எழுதத் தோன்றியது.

மன்னார்குடியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். ஜூன் 12-க்கு மேட்டூர் திறப்பார்களா மாட்டார்களா என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருக்கிற சித்திரை, வைகாசியில்தான் எனக்கு வேலை உச்சத்தில் இருக்கும். போர் தண்ணீரை நம்பிக் குறுவைக்கு நாற்று விட்டவர்கள் எரிந்துபோன மோட்டாரைக் கடை வாசலில் இறக்கிக்கொண்டே இருப்பார்கள். காயில் கம்பி, பேரிங் வாங்க அடிக்கடி கும்பகோணம் போய்வர வேண்டும். வண்டி, செகண்ட் ஹேண்டில் வாங்கிய சின்ன பெட்ரோல் கார். பெயர் வேண்டாம், எந்தக் கம்பெனி வண்டியிலும் வரக்கூடிய கோளாறுதான்.

கும்பகோணம் போகிற வழியில் நீடாமங்கலம் ரயில்வே கேட் இருக்கிறது. அதன் பெருமையை டெல்டாக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கூட்ஸ் எஞ்சின் முன்னும் பின்னும் போய்வரும், கேட் மூடியே கிடக்கும், எல்லோரும் வண்டியை அணைத்துவிட்டு இறங்கி நிற்பார்கள். என் வண்டி அதிகம் மானத்தை வாங்கியது அங்கேதான். கேட் திறந்ததும் முன்னால் நிற்கிற வண்டியெல்லாம் கிளம்பிவிடும், பின்னால் ஹாரன் சத்தம் கிழிக்கும், என் வண்டி சுற்றோ சுற்றென்று சுற்றும்.

அந்த கேட்டிலேயே ஏன் அதிகம் என்ற கேள்விக்குள்தான் பாதி விடை இருந்தது. எஞ்சின் ஓடும்போது ரேடியேட்டர் தண்ணீர் சுற்றுகிறது, வண்டி நகர்வதால் பானெட்டுக்குள் காற்று புகுந்து வெளியேறுகிறது. அணைத்த நிமிஷம் இரண்டும் நின்றுவிடும். ஆனால் எஞ்சின் இரும்பில் ஏறியிருக்கிற சூடு எங்கும் போகாமல் சுற்றியுள்ள சாமான்களுக்குப் பரவும். அதனால் அணைத்த பிறகு 10, 20 நிமிஷம் வரைக்கும் பானெட்டுக்குள் சூடு கூடும், அதற்கப்புறம்தான் இறங்கத் தொடங்கும். அக்னி நட்சத்திர வெயிலில் கேட்டில் காத்திருக்கிற நேரமும் அதேதான். சூட்டில் கெடுகிற சாமான் ஒன்று உள்ளே இருந்தால் அது படுத்துக்கொள்ள இதைவிட நல்ல சமயம் கிடையாது.

இப்போது மூன்று ரிப்பேரும் எப்படிப் பலித்தன என்பது புரியும். வண்டி நின்றதும் மெக்கானிக்குக்கு போன் போடுவேன். அவர் வந்து சேர நேரமாகும். வந்து பேட்டரியைக் கழற்றி, கடைக்குப் போய்ப் புதிது வாங்கிவந்து மாட்டுவதற்குள் எஞ்சின் ஆறியிருக்கும். புதுப் பேட்டரியோடு சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட் ஆகாமல் என்ன செய்யும்? பழைய பேட்டரியோடு திருப்பியிருந்தாலும் ஆகியிருக்கும். வந்து வந்து போகிற கோளாறில் இந்தத் தொல்லை உண்டு. கடைசியாக எதைத் தொட்டோமோ அதுதான் காரணம் என்று மனசு சொல்லிவிடும். ஆகவே இந்த மாதிரிக் கோளாறை, அது இருக்கும்போதே பிடிக்க வேண்டும். ஆறின பிறகு ஷெட்டில் நிறுத்தி ஆயிரம் சோதனை செய்தாலும் வண்டி நல்ல பிள்ளையாகத்தான் நடந்துகொள்ளும்.

கோளாறு இருக்கும்போது என்ன பார்ப்பது? முதல் கேள்வி, செல்ஃப் சுற்றுகிறதா இல்லையா. இந்தக் கேள்வியிலேயே வண்டி இரண்டாகப் பிரிந்துவிடும். சுற்றவே இல்லை என்றால் பேட்டரி, டெர்மினல், எர்த் வயர், செல்ஃப் மோட்டார், அதற்குக் கரன்ட்டைத் திறந்துவிடுகிற ரிலே, இவ்வளவுதான். சில வண்டிகளில் கிளட்ச்சை முழுக்க மிதித்தால்தான் செல்ஃப் வேலை செய்யும், அந்த ஸ்விட்ச்சும் சேர்த்தி. பிளக்கையும் பெட்ரோலையும் அப்போது நினைக்கவே வேண்டாம். நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் இந்தப் பக்கமே வராமல் பெட்ரோல், பொறி, காற்று என்று போகலாம். என் வண்டி நன்றாகச் சுற்றியது. ஆகவே ஆரம்பத்தில் பேட்டரி குற்றவாளியே இல்லை. பிடிக்காத வண்டியை விடாமல் சுற்றிச் சுற்றி நான்தான் அதை இறக்கியிருந்தேன், மெக்கானிக் வந்து பார்த்தது இறங்கின பேட்டரியை.

இங்கே ஒரு வார்த்தை. செல்ஃபைத் தொடர்ந்து 10 வினாடிக்கு மேல் அடிக்கக் கூடாது, அடித்தால் அரை நிமிஷமாவது விட்டு அடிக்க வேண்டும். அது குறைந்த நேரம் ஓடுவதற்கென்று கட்டின மோட்டார், உள்ளே நூற்றுக்கணக்கான ஆம்பியர் போகும். கருகின செல்ஃப் மோட்டார்கள் என் கடைக்கும் வருவதுண்டு. பெரும்பாலும் அவை தாமாகக் கெட்டதில்லை, வேறு ஏதோ கெட்டிருக்க இதைப் போட்டு அடித்துக் கொன்றிருப்பார்கள்.

அடுத்த தடவை நீடாமங்கலத்தில் நின்றபோது நான் போன் போடவில்லை. பக்கத்தில் நின்ற வேன் டிரைவரும் நுங்கு விற்கிறவரும் கை கொடுக்க, ஓரமாகத் தள்ளிவிட்டு டிக்கியிலிருந்து மல்டிமீட்டரை எடுத்தேன்.

சாவியை ஆன் வரைக்கும் மட்டும் திருப்பினேன். எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. அது எரிகிறதென்றால் எஞ்சினை ஆளுகிற கம்ப்யூட்டருக்குக் கரன்ட் போகிறது என்று அர்த்தம். எரியவே இல்லையென்றால் அதன் ஃபியூஸ், ரிலேயைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சாவிப் படம் போட்ட விளக்கு இரண்டொரு வினாடியில் அணைந்தது, ஆகவே திருட்டுத் தடுப்புப் பூட்டும் பிரச்சினை இல்லை. அது விடாமல் மினுக்கினால் கம்ப்யூட்டர் சாவியை அடையாளம் கண்டுகொள்ளவில்லை, வீட்டிலிருக்கிற இன்னொரு சாவியைப் போட்டுப் பார்க்கலாம். பின் சீட்டுக்கு அடியிலிருந்து "ம்ம்ம்" என்று இரண்டு வினாடி சத்தம் வந்து நின்றது, பம்ப் உயிரோடு இருக்கிறது.

அப்புறம் செல்ஃப் அடித்துக்கொண்டே, எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று காட்டுகிற ஆர்பிஎம் முள்ளைப் பார்த்தேன். நல்ல நாளில் என் வண்டியில் செல்ஃப் அடிக்கும்போதே அந்த முள் கொஞ்சம் மேலே துள்ளும். அன்று சைபரில் ஒட்டிக்கொண்டு அசையவே இல்லை. (எல்லா வண்டியிலும் துள்ளாது. அதனால் உங்கள் வண்டி நன்றாக இருக்கிற ஒரு காலையில் முள் என்ன செய்கிறது, பம்ப் சத்தம் எப்படி, எந்த விளக்கு எவ்வளவு நேரம் எரிகிறது என்று ஒரு தடவை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நோயில்லாத உடம்பின் நாடி தெரியாமல் நோயாளியின் நாடியைப் பிடித்து என்ன பயன்?)

கடைசியாக, இவ்வளவு சுற்றியும் சைலன்ஸர் வாயில் பெட்ரோல் நெடி துளியும் இல்லை. இது பெரிய துப்பு. பொறி மட்டும் இல்லாவிட்டால் பெட்ரோல் எரியாமல் வெளியே வரும், மூக்கைத் துளைக்கும், பிளக்கைக் கழற்றினால் நனைந்திருக்கும். பெட்ரோல் மட்டும் இல்லாவிட்டால் நெடி இருக்காது, பொறி இருக்கும். என் வண்டியிலோ பொறி வரவில்லை என்று மெக்கானிக்கே முன்பு பார்த்துச் சொல்லியிருந்தார், இப்போது பெட்ரோலும் வரவில்லை. இரண்டு தனித்தனி சாமான்கள் ஒரே நிமிஷத்தில் கெடுவதும் ஒரே நிமிஷத்தில் சரியாவதும் நடக்கிற காரியம் இல்லை. இரண்டுக்கும் உத்தரவு கொடுக்கிற இடத்தில்தான் ஏதோ அறுந்திருக்கிறது.

அந்த உத்தரவு கிராங்க் சென்சாரிலிருந்து தொடங்குகிறது. பிஸ்டன்கள் மேலும் கீழும் போய்ச் சுற்றவைக்கிற தண்டுதான் கிராங்க் ஷாஃப்ட். அது சுற்றும்போது அதோடு சேர்ந்து ஒரு பல் சக்கரமும் சுற்றும். பல வண்டிகளில் அதில் 60 பல்லுக்கு இடம் இருக்கும், இரண்டு பல்லை மட்டும் வெட்டி இடைவெளி விட்டிருப்பார்கள். பக்கத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவு தள்ளி, காந்தமும் மெல்லிய கம்பிக் காயிலும் கொண்ட சின்ன சென்சார் ஒன்று நிற்கும். பல் கடக்கும்போதெல்லாம் காயிலில் ஒரு துடிப்பு மின்சாரம் உண்டாகும். பல் இல்லாத இடைவெளி வரும்போது துடிப்பு விட்டுப்போகும். அதை வைத்துத்தான் பிஸ்டன் இப்போது எங்கே இருக்கிறது, எந்தச் சிலிண்டருக்குப் பொறி, எதற்குப் பெட்ரோல் என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடும். துடிப்பு வரவில்லையென்றால் எஞ்சின் சுற்றவே இல்லை என்று அது முடிவு செய்துவிடும். பொறியைக் கொடுக்காது, பெட்ரோலைத் தெளிக்காது, சாவி போட்டவுடன் இரண்டு வினாடி ஓடவிட்ட பம்ப்பையும் மறுபடி ஓட விடாது. விபத்தில் குழாய் அறுந்தால் பெட்ரோல் கொட்டிக்கொண்டே இருக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. செல்ஃப் அடிக்கும்போது பம்ப் ஓடவில்லை என்று பார்த்து மெக்கானிக் பம்ப்பை மாற்றினாரே, அந்தப் பம்ப் உத்தரவுக்குக் காத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறது. நல்ல பம்ப்பைக் கழற்றி வீட்டுப் பரணில் போட்டிருக்கிறோம்.

காயில் என்ற சமாசாரம் வந்ததும் எனக்கு மீதி தெரிந்துவிட்டது. "காலையில நல்லா ஓடுது, பத்து மணிக்கு மேல நின்னுடுது, சாயங்காலம் போட்டா மறுபடி ஓடுதுண்ணே" என்று எத்தனையோ மோட்டார் என் கடைக்கு வந்திருக்கிறது. கடையில் மீட்டர் வைத்தால் எல்லாம் சரியாகக் காட்டும். உள்ளே கம்பி ஓர் இடத்தில் விட்டிருக்கும். குளிர்ந்திருக்கும்போது இரு நுனியும் தொட்டுக்கொண்டிருக்கும், சூடேறி விரிந்ததும் விலகிவிடும்.

என் வண்டியில் சென்சார், எஞ்சினும் கியர்பாக்ஸும் சேருகிற இடத்தில் இருந்தது. கனெக்டரைப் பிடுங்கி இரண்டு காலிலும் மீட்டரை வைத்தேன். கம்பியின் மின்தடையைச் சொல்கிற ஓம் அளவே காட்டவில்லை, கம்பி அறுந்ததற்குக் காட்டுகிற மாதிரி காலியாக நின்றது. துண்டை நனைத்துப் பிழிந்து சென்சார் மேல் சுற்றிவைத்தேன். நுங்கு சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் மீட்டரில் 880 ஓம். கனெக்டரைச் செருகிச் சாவியைத் திருப்பினேன், முள் துள்ளியது, எஞ்சின் பிடித்துக்கொண்டது.

இதைச் செய்கிறவர்கள் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கையை விடுங்கள். எஞ்சின் நின்ற பிறகும் ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்றத் தொடங்கும் வண்டிகள் உண்டு. சைலன்ஸர் குழாய்ப் பக்கம் தண்ணீரை ஊற்றவும் கூடாது. இன்னொன்று, சென்சார் இரண்டு வகை. நான் சொன்னது இரண்டு வயர் காயில் வகை. மூன்று வயர் வருகிற ஹால் வகையில் உள்ளே எலக்ட்ரானிக் சில்லு இருக்கும், அதில் ஓம் வைத்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை. சப்ளை வோல்ட் வருகிறதா, எர்த் இருக்கிறதா, சுற்றும்போது சிக்னல் மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். சில காயில் சென்சாருக்கும் மூன்றாவதாக ஒரு வயர் வரும், அது மின் இரைச்சலைத் தடுக்கிற உறை வயர். குழப்பமாக இருந்தால் வயரிங் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுவது நல்லது.

புது சென்சார் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்தான். ஒரே ஒரு 10-ஆம் நம்பர் போல்ட். பழையதைக் கழற்றும்போது முனைக் காந்தத்தில் இரும்புத் தூள் அப்பியிருந்தது. சிலருக்கு அதைத் துடைத்தாலே சரியாகிவிடுவதும் உண்டு. பழையதைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. வார்னிஷ் ஊற்றின காயிலைக் காயவைக்க, தகரப் பெட்டிக்குள் பெரிய குண்டு பல்புகளை எரியவிடுவது எங்கள் தொழில் வழக்கம். அதற்குள் சென்சாரைத் தொங்கவிட்டு மீட்டரை மாட்டினேன். 880 மெல்ல ஏறியது. தாமிரம் சூடானால் ஓம் கூடுவது இயல்பு, 30 டிகிரியில் 880 இருந்தால் 100 டிகிரியில் 1,100-ஐத் தாண்டலாம், அது கோளாறு இல்லை. ஆனால் ஆயிரத்தைத் தாண்டியதும் சட்டென்று காலியாகிவிட்டது. பெட்டியைத் திறந்து விசிறினால் மறுபடி வந்தது. மெக்கானிக் தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "அண்ணே, அந்தப் பெட்டியைக் கொஞ்ச நாளைக்கு எனக்குக் குடுங்க" என்றார்.

ஸ்கேனர் போட்டுப் பார்த்தால் தெரியாதா என்று பலர் கேட்டார்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கிற 16 கால் சாக்கெட்டில் மாட்டி போனில் பார்க்கிற சின்ன ப்ளூடூத் ஸ்கேனர் ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது, வாங்கி வைத்துக்கொள்ளலாம். கிராங்க் சென்சார் கோளாறுக்கு பி0335 (P0335) என்று கோட், அதாவது கோளாறு எண், வரும். ஆனால் வராமலும் போகும். துடிப்பு இல்லையென்றால் எஞ்சினே சுற்றவில்லை என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்கிறது என்றேனே, சுற்றாத எஞ்சினில் சென்சார் பேசாமல் இருப்பது அதற்குக் குற்றமாகப் படாது. என் வண்டியில் மெக்கானிக் ஸ்கேன் செய்தபோது ஒன்றும் இல்லை என்றுதான் வந்தது. கோட்டைவிட நேரடி ரீடிங்கில் பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் 200, 250 போல ஏதாவது காட்ட வேண்டும். சைபர் காட்டினால் விஷயம் தெரிந்துவிட்டது.

செல்ஃபே சுற்றாத கதை ஒன்று வேதாரண்யத்தில் நடந்தது. மச்சான் வண்டி. உப்பளத்துக்குப் பக்கத்தில் வீடு, காற்றிலேயே உப்பு. சாவியைத் திருப்பினால் ஒரே ஒரு "டக்", அவ்வளவுதான். டகடகவென்று வேகமாக அடித்தால் பெரும்பாலும் பேட்டரி இறங்கியிருக்கும். ஒற்றை டக் என்றால் செல்ஃப் மோட்டார் அல்லது அதற்குப் போகிற பெரிய வயர்கள் என்று தொடங்கலாம். பேட்டரி 12.6 வோல்ட் காட்டியது, அது முழு சார்ஜ். (12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே என்றால் சார்ஜ் போட வேண்டும்.) செல்ஃப் மோட்டாரை மாற்றச் சொல்லி ஒருவர் விலையும் பேசியிருந்தார். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும் இன்னொன்றை எஞ்சின் இரும்பிலும் வைத்துக்கொண்டு, "இப்ப திருப்பு மாப்ள" என்றேன். நாலு வோல்ட் காட்டியது. அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாத இடம் அது. எஞ்சினையும் பாடியையும் சேர்க்கிற எர்த் பட்டை உள்ளுக்குள் அரித்துப் பச்சையாகப் பொடிந்திருந்தது, மேலே பார்த்தால் பிளாஸ்டிக் உறை மட்டும் கௌரவமாக இருந்தது. ஜம்ப்பர் கேபிளின் கறுப்பு வயரைப் பேட்டரி நெகட்டிவிலிருந்து நேரே எஞ்சினுக்குக் கொடுத்ததும் செல்ஃப் பாய்ந்து சுற்றியது. புதுப் பட்டையின் விலை சில நூறு. கடலோரத்தில் வண்டி வைத்திருப்பவர்கள், நாகப்பட்டினமானாலும் முத்துப்பேட்டையானாலும், எதையும் மாற்றுமுன் இந்த ஒரு சோதனையைச் செய்துவிடுங்கள். டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் வெந்நீரில் ஆப்பசோடா கலந்து ஊற்றிப் பழைய பிரஷ்ஷால் தேய்த்து, காய்ந்ததும் வாசலைன் தடவலாம். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். பாசிட்டிவ் போல்ட்டைத் திருகுகிற ஸ்பேனர் பாடியில் பட்டால் என்ன ஆகுமென்று தெரிந்துகொள்ள ஆசைப்பட வேண்டாம்.

நம் ஊரில் பேட்டரி இறங்கினால் பக்கத்து வீட்டு டிராக்டர்தான் கை கொடுக்கும். பெரும்பாலான டிராக்டரிலும் 12 வோல்ட்தான், இருந்தாலும் பார்த்துக்கொண்டு மாட்டுங்கள். சிவப்பு முதலில் இறங்கின பேட்டரியின் பாசிட்டிவுக்கு, பிறகு நல்ல பேட்டரியின் பாசிட்டிவுக்கு. கறுப்பு நல்ல பேட்டரியின் நெகட்டிவுக்கு, கடைசி முனையை இறங்கின பேட்டரியில் மாட்டாமல் எஞ்சின் இரும்பில் மாட்டுங்கள். கடைசியாகத் தொடுகிற இடத்தில் பொறி பறக்கும், பேட்டரிக்கு மேல் ஹைட்ரஜன் வாயு இருக்கக்கூடும். எடுக்கும்போது இதற்கு நேர் எதிர் வரிசை. தள்ளி ஸ்டார்ட் பண்ணுவது செல்ஃபோ பேட்டரியோ மந்தமாக இருந்தால் மட்டும் உதவும். பேட்டரி சுத்தமாகச் செத்திருந்தால் கம்ப்யூட்டருக்கும் பம்ப்புக்குமே கரன்ட் இருக்காது, ஊரே சேர்ந்து தள்ளினாலும் உட்கார்ந்திருப்பவருக்கு ஊர்வலம்தான்.

டீசல் வண்டிக்குப் பிளக் பொறி கிடையாது, அதனால் கணக்கு கொஞ்சம் மாறும். டீசல் தீர்ந்து நின்ற வண்டியில் மறுபடி டீசல் ஊற்றியதும் ஓடாது, குழாயில் காற்று நிற்கும். ஃபில்டர் மேலே இருக்கிற கை பம்ப்பைக் கெட்டியாகிறவரை அழுத்தி ஏர் எடுக்க வேண்டும். டிராக்டர் ஓட்டுகிற பையனுக்கு இது தூக்கத்திலும் வரும்.

மழைக்காலத்துக்கு ஒரே அறிவுரை. ஐப்பசி, கார்த்திகையில் வாய்க்கால் உடைத்து வாசல்வரை தண்ணீர் வந்து வண்டி அதில் நின்றிருந்தால், வடிந்ததும் ஆவலாகச் சாவியைத் திருப்பாதீர்கள். காற்று உறிஞ்சும் குழாய் வழியாகச் சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால், காற்றை நசுக்குவதுபோல் தண்ணீரை நசுக்க முடியாது, பிஸ்டனையும் கிராங்க் ஷாஃப்ட்டையும் சேர்க்கிற கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். நனைந்திருந்தால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, கட்டி இழுத்துப்போய் மெக்கானிக்கிடம் விடுவதே மலிவு. பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் சுற்ற வேண்டும். தண்ணீரில் ஸ்டார்ட் செய்து எஞ்சின் போனால் சாதாரண இன்சூரன்ஸ் பெரும்பாலும் கொடுக்காது, எஞ்சின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்த்திருக்க வேண்டும்.

எலிக்கு வருகிறேன். சம்பா அறுவடை முடிகிற தை, மாசியில் வயலில் இருந்த எலியெல்லாம் ஊருக்குள் வரும். அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் எடுக்கும்வரை வீட்டு வாசலிலும் கொட்டகையிலும் குவித்திருப்போம். அதற்குப் பக்கத்தில் கார் நின்றால் சூடான பானெட் அதுகளுக்கு மாளிகை. அப்படி ஒரு தை மாதம் வண்டி மறுபடி சுற்றியது, பிடிக்கவில்லை. இந்தத் தடவை முள் நன்றாகத் துள்ளியது, ஆகவே கிராங்க் சென்சார் இல்லை. சாவியைத் திருப்பினால் பம்ப் சத்தமே இல்லை. அதன் 15 ஆம்பியர் ஃபியூஸ் போயிருந்தது. புதிது போட்டேன், அதுவும் போனது.

இரண்டாவது ஃபியூஸும் போனால் எங்கோ வயர் பாடியில் இடிக்கிறது என்று அர்த்தம். மோட்டார் கொட்டகையில் ஃபியூஸ் கேரியருக்கு நாலு இழை கம்பியை முறுக்கிப் போடுகிற கை நம் ஊர்க் கை, அது இங்கேயும் 30 ஆம்பியரைத் தேடும். செய்துவிடாதீர்கள். ஃபியூஸ் போகாமல் வயர் எரியும், பக்கத்திலேயே பெட்ரோல் குழாய். நான் இண்டிகேட்டரில் போடுகிற 12 வோல்ட், 21 வாட் பல்பு ஒன்றை ஃபியூஸ் இருந்த இடத்தில் இரண்டு வயரால் இணைத்தேன். எலக்ட்ரீஷியன்கள் வீட்டு லைனில் வைக்கிற சீரிஸ் லாம்ப் கணக்குத்தான். ஷார்ட் இருக்கும்வரை பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், எதுவும் கருகாது. பம்ப் கனெக்டரைப் பிடுங்கினேன், எரிந்துகொண்டே இருந்தது. ஆகவே பம்ப் இல்லை, வழியில்தான். வயர்க் கட்டை ஓரிடம் ஓரிடமாக அசைத்துக்கொண்டே வந்தேன். பேட்டரிக்குப் பின்னால் அசைத்தபோது பல்பு அணைந்து எரிந்தது. டேப்பைப் பிரித்தால் பல் தடம், வெளியே தெரிந்த தாமிரம், அதன் கீழே பாடியின் இரும்பு. முறுக்கி டேப் சுற்றினால் ஆறு மாதத்தில் பச்சை பிடித்துவிடும். ஈயம் பற்றவைத்து, சூடு காட்டினால் சுருங்குகிற குழாயைப் போட்டு, மேலே பிளாஸ்டிக் நெளிகுழாய்க்குள் விட்டேன்.

எலிக்கு என்று சொன்ன வைத்தியமெல்லாம் செய்து பார்த்தாயிற்று. நாப்தலின் உருண்டை, புகையிலை, மிளகாய்த்தூள். ஒன்றிரண்டு நாள் மதிப்பார்கள், அப்புறம் அதன் மேலேயே படுத்துக்கொள்வார்கள். கொஞ்சமாவது பலன் தந்தது இரண்டுதான். நெல் வீட்டில் இருக்கிற நாட்களில் வண்டியைக் குவியலிலிருந்து தள்ளித் திறந்தவெளியில் நிறுத்துவது, ராத்திரி பானெட்டைத் தூக்கி வைத்துவிடுவது. திறந்து வெளிச்சமாகக் கிடந்தால் எலிக்கு அவ்வளவு பிடிப்பதில்லை. மழை வருகிற ராத்திரிகளில் இது நடக்காது. போன அறுவடையில் ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறந்தபோது உள்ளே ஒரு பிடி நெல்லும் கடித்த பஞ்சும் இருந்தன. வந்த வழி காற்று உறிஞ்சும் குழாயின் வாய்தான். கொசுவலை மாதிரி சின்னக் கண் வலை வைத்தால் தூசி அடைத்துக் காற்று குறையும் என்று மெக்கானிக் தம்பி சொன்னதால், அரை அங்குலக் கண் உள்ள கம்பி வலையை வெட்டி, இரண்டு ஸ்க்ரூ வைத்து முடுக்கியிருக்கிறேன். சுண்டெலிக்கு அது கதவே இல்லை, பெரிய எலி வராது. வயரைக் கடித்தது பெரியதுதான் என்று பல் தடத்தைப் பார்த்து அவர் சொல்கிறார்.